குளிரில் நுரைக்காத பீர்

புட்டியிலடைத்த வீட்டு பீர் குளிர்காலத்தில் நுரைக்காவிடில், சர்க்கரை போதவில்லையெனக் கருதி மேலும் சேர்ப்போர் உளர். இது பிழையான நோயறிதல் மட்டுமன்று; ஆபத்தானதும்கூட. லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரையே ஏல் வகைக்குப் பெரும்பாலும் போதும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே ஏல் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. இட்ட சர்க்கரை உண்ணப்படாமலே கிடக்கிறது. வெயில் ஏறியதும் ஈஸ்ட் விழித்துக்கொள்ள, கூடுதலாகச் சேர்த்ததும் வாயுவாகிப் புட்டி வெடிக்கும். (கண்ணாடிச் சில்லுக்கு ஆய்வகம், அடுக்களை என்ற பேதம் கிடையாது.)

குறை இனிப்பில் இல்லை, வெம்மையில்தான். லடாக்கில் வேகவைத்த பார்லியோடு நொதிக்கட்டியைப் பொடித்துக் கலந்து, 'சாங்' ஊறும்வரை கம்பளியில் பொதிந்து வைக்கிறார்கள். புட்டிக்கும் அதுவே வழி: 20 பாகையில் இரண்டு, மூன்று வாரங்கள். குளிர்ச்சி அதன்பின் வரட்டும். குளிர்ந்த பீரில்தான் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகக் கரையும்.