கேப்டன் மட்டும்தான் பேசலாம்!

கிரிக்கெட் அம்பயர் பேசி எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? விரலைத் தூக்குவார், கையை விரிப்பார், அவ்ளோதான். ரக்பி யூனியன்ல கதையே வேற. பெரிய மேட்ச்னா ரெஃப்ரிக்கு மைக் மாட்டிடுவாங்க. அவர் பேசுறதெல்லாம் டி.வி-யில் போகும். ஸ்டேடியத்துக்கு வர்ற ரசிகர்கள்கூட குட்டி ரேடியோவைக் காதில் மாட்டிக்கிட்டு அவர் பேச்சைக் கேட்பாங்க. அப்படிப் பேசியே உலக ஃபேமஸ் ஆன ஒருத்தரைத்தான் இந்த வாரம் பார்க்கப்போறோம். பேர் நைஜல் ஓவன்ஸ். வேல்ஸ்காரர்.

முதல்ல இந்த வேலை என்னன்னு புரிஞ்சுக்கணும். ஒரு பக்கம் 15 பேர், மொத்தம் 80 நிமிஷம். விசில் ஊதுறது அதில் பாதி வேலைதான். பந்துக்காக எட்டுப் பத்து மலைமாடுகள் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கிடக்கும்போது, 'கையை எடு', 'பந்தை விடு', 'பின்னால போ'னு ரெஃப்ரி கத்திக்கிட்டே இருப்பார். தப்பு நடக்குறதுக்கு முன்னாடியே தடுக்கத்தான்! ஒரு அணி தப்பு பண்ணினாலும், எதிரணி பந்தோட பாய்ஞ்சு போய்க்கிட்டிருந்தா ஊத மாட்டார். 'அட்வான்டேஜ்'னு கையை நீட்டிக்கிட்டே கூட ஓடுவார். ஒண்ணும் தேறலைன்னா பழைய தப்புக்கே திரும்பி வருவார். ஊதாமல் இருக்குறதும் ஒரு தீர்ப்புதான். அவர்கிட்ட தீர்ப்பைப் பத்திப் பேசுற உரிமை கேப்டனுக்கு மட்டும். வேற யாராவது வாக்குவாதம் பண்ணினா, பெனால்டி 10 மீட்டர் முன்னால நகர்ந்துடும். நம்ம வைவா எக்ஸ்டர்னலுக்குக்கூட இவ்ளோ பவர் இல்லை!

2012-ல் இத்தாலியின் ட்ரெவிசோவுக்கும் அயர்லாந்தின் மன்ஸ்டருக்கும் மேட்ச். ட்ரெவிசோ வீரர் ஒருத்தர் சும்மா சும்மா குறை சொல்லிக்கிட்டே இருந்தார். ஓவன்ஸ் அவரைக் கூப்பிட்டு, நாம இதுக்கு முன்னாடி சந்திச்சதில்லைனு நினைக்கிறேன், இந்தக் கிரவுண்டுல ரெஃப்ரி நான், நீங்க இல்லை, இது ஃபுட்பாலும் இல்லைங்கிற ரேஞ்சுல ஒரு டோஸ் விட்டார். மைக் ஆன்ல இருந்துச்சே... வீடியோ பத்திக்கிச்சு. 2015 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்து - தென் ஆப்பிரிக்கா மேட்ச், நியூகாஸிலின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் நடந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் ஹாக் லேசா பட்டதுக்கே விழுந்து புரண்டார். இப்படி விழணும்னா ரெண்டு வாரம் கழிச்சு இங்கே ஃபுட்பால் நடக்கும்போது வாங்கனு ஓவன்ஸ் கலாய்க்க, ஹாக்குக்கு முகத்தை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியலை.

இவ்ளோ தெளிவா, இவ்ளோ தைரியமா பேசுற ஆள், தன்னைப் பத்தின ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வருஷக்கணக்கா வெளியே சொல்ல முடியாமல் தவிச்சார்.

1971-ல் கார்மார்தன்ஷயரின் மினித்கெரிக்ங்கிற சின்ன கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் பேசுறது இங்கிலீஷ் இல்லை, வெல்ஷ். ஸ்கூல் மேட்ச் ஒண்ணுல, போஸ்ட்டுக்கு நேரா இருந்த சுலபமான கிக்கைக் கோட்டை விட்டார். அது போயிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. கடுப்பான வாத்தியார், நீ பேசாம ரெஃப்ரியா போயிடுன்னுட்டார். 16 வயசுப் பையன் சீரியஸாவே போயிட்டான்! ரக்பி யூனியனில் 1995 வரைக்கும் ஆடுறவங்களுக்கே அதிகாரபூர்வமா சம்பளம் கிடையாது, ரெஃப்ரிக்கு ஏது? பண்ணை வேலை, ஸ்கூல் டெக்னீஷியன் வேலைன்னு பார்த்துக்கிட்டேதான் விசில் ஊதினார்.

டீன் ஏஜிலேயே தனக்கு ஆண்கள் மேலதான் ஈர்ப்புன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தக் கிராமத்தில், அந்த விளையாட்டில், அதை யார்கிட்ட சொல்றது? சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் புலிமியா, உடம்பை ஏத்த ஸ்டீராய்டு, மனச்சோர்வுன்னு ஒண்ணு மேல ஒண்ணா சேர்ந்துச்சு. 1996-ல், 24 வயசுல, அப்பா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வெச்சுட்டு மலை மேலே போயிட்டார். போலீஸ் ஹெலிகாப்டர்தான் தேடிக் கண்டுபிடிச்சது. இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தா காப்பாத்தியிருக்க முடியாதாம். மறுபடி இப்படிப் பண்ணினா எங்களையும் கூட்டிட்டுப் போயிடுன்னு அம்மா அழுததுதான் தன்னைத் திருப்பி நிறுத்துச்சுன்னு பின்னால சொன்னார். (அப்படி ஒரு ராத்திரி உங்களுக்கோ ரூம்மேட்டுக்கோ வந்தா, 14416-க்கு போன் போடுங்க பாஸ். தமிழ்லயே பேசலாம்.)

2001-ல் முழுநேர ரெஃப்ரி ஆனார். 2003-ல் போர்ச்சுகல் - ஜார்ஜியா மேட்ச்சில் சர்வதேச அறிமுகம். இப்பதான் வேலையே சிக்கலாச்சு. முப்பது பேரோட கண்ணைப் பார்த்துப் பேசணும், உள்ளுக்குள்ள பயமும் இருக்கணும்னா எப்படி? 2007-ல் எல்லார்கிட்டயும் ஓப்பனா சொல்லிட்டார். அதே வருஷம் உலகக் கோப்பைக்கும் போனார். யாரும் அவர் கையில இருந்த விசிலைப் பிடுங்கலை.

அதுக்காக எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. 2014-ல் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து - நியூஸிலாந்து மேட்ச். கேலரியில் சிலர் அவரைக் கேவலமா திட்டினாங்க. அங்கே இருந்த ஒரு ரசிகர் சும்மா விடலை, பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ரெண்டு பேருக்கு ரெண்டு வருஷத் தடை! எனக்கு என்னவோ, இந்தக் கதையில் அந்த ரசிகரும் ஒரு ஹீரோதான்.

மறு வருஷம், அதே ட்விக்கன்ஹாம். 2015 அக்டோபர் 31, உலகக் கோப்பை ஃபைனல். நியூஸிலாந்து 21-3-னு முன்னால ஓடிக்கிட்டிருந்தப்போ, ஆஸ்திரேலிய வீரரைத் தூக்கிப் போட்ட பென் ஸ்மித்துக்கு ஓவன்ஸ் யெல்லோ கார்டு காட்டினார். பத்து நிமிஷம் வெளியே! ஸ்கோர் 21-17-னு நெருங்கிடுச்சு. கடைசியில் 34-17, நியூஸிலாந்து சாம்பியன். உலகக் கோப்பை ஃபைனலை நடத்துறதுகூட, தன்னைத் தானே ஏத்துக்கிட்டதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லைன்னு ஓவன்ஸ் சொல்லியிருக்கார்.

2020 நவம்பரில் பாரிஸில் பிரான்ஸ் - இத்தாலி மேட்ச், அவருக்கு 100-வது டெஸ்ட். அந்த எண்ணைத் தொட்ட முதல் ரெஃப்ரி அவர்தான். வயசு 49! கொரோனா காலம், கேலரியில் ரசிகர்களே இல்லை. அடுத்த மாசமே சர்வதேச ரக்பிக்கு டாட்டா சொல்லிட்டார். பிறகு இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ் அந்த எண்ணைத் தாண்டி, 2023-ல் 111-ல் ஓய்வு பெற்றார். ஓவன்ஸ் இதுக்கெல்லாம் அலட்டிக்கலை. சொந்தப் பண்ணையில் ஹெர்ஃபோர்டு மாடு வளர்க்கப் போயிட்டார்.