மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ!

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..."

திருப்பூர் பக்கம் எந்த ஊர் நோம்பிக்குப் போனாலும் முதலில் காதில் விழும் 'பாட்டு' இதுதான். நோட்டீஸில் 'இரவு 7 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஏழு மணிக்கு மேடையில் நாலு பையன்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஏழரைக்கு டிரம்ஸ் வந்து இறங்கும். எட்டு மணிக்குத்தான் கீபோர்டு ஸ்டாண்டை குடோனிலேயே விட்டுவிட்டு வந்தது தெரியும். அதை எடுத்துவர ஒருவர் பைக்கில் கிளம்புவார். எட்டே காலுக்கு ஸ்பீக்கர் 'கீய்ய்ய்ங்' என்று அலறும், கைக்குழந்தைகளும் சேர்ந்து அலறும்.

முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்பார்: "ஏஞ்சாமி, எப்பத்தான் பாட்டுப் போடுவீங்க?"

"இதா ஆச்சுங்க ஆத்தா, அஞ்சே நிமிசம்!"

எட்டரைக்கு விநாயகர் பாட்டு. பத்து மணிக்கு மைக்கை அணைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு நினைத்தால் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாட்களுக்கு மேல் முடியாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே ஊர் நோம்பிக்கு வாசல் பத்து மணிக்குச் சாத்தப்படும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழிலிருந்து பத்து வரை 180 நிமிடம். அதில் ஒயர் இழுத்தது 90 நிமிடம். ஊர் வரிப்பணத்தில் சரிபாதி ஒயருக்கும் 'ஒன் டூ த்ரீ'க்கும் போய்விட்டது. பேசிய தொகையில் மட்டும் பாதி குறையாது!

நஷ்டம் யாருக்கு?

குழுவின் பெரிய பாடகர் தன் பாட்டை எப்படியும் பாடிவிடுவார். நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது சின்ன ஆட்கள்தான். கோரஸில் நின்றபடி 'இன்னைக்காவது ஒரு தனிப்பாட்டு கிடைக்கும்' என்று காத்திருக்கும் பெண். ஒரு மாதமாக வீட்டு மொட்டை மாடியில் பாடிப் பழகிவிட்டு, அம்மாவையும் தங்கையையும் முன்வரிசையில் உட்காரவைத்திருக்கும் உள்ளூர்ப் பையன். "நேரமின்மை காரணமாக..." என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தாலே அந்தப் பையனின் முகம் சுருங்கிவிடும். அடுத்த நோம்பிக்கு ஒரு வருடம் இருக்கிறது. 'நேரமின்மை' எங்கிருந்து வந்தது? குடோனில் கிடந்த அந்த ஸ்டாண்டிலிருந்து வந்தது.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'ஐடில் டைம்' பாடம் நினைவிருக்கும். தவிர்க்க முடியாத வெட்டி நேரம் ஒரு வகை. அதை உற்பத்திச் செலவிலேயே சேர்த்துவிடலாம். தவிர்த்திருக்கக்கூடிய வெட்டி நேரம் இன்னொரு வகை. அதைச் செலவில் ஒளித்துவைக்கக் கூடாது, நேராக லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோய் நஷ்டம் என்று காட்ட வேண்டும். மேடையில் மைக் சரிபார்க்கும் பத்து நிமிடம் முதல் வகை. ஸ்டாண்டைத் தேடும் முக்கால் மணி நேரம் இரண்டாம் வகை. 'கச்சேரின்னா அப்படித்தான் லேட்டாகும்' என்று ஊரே சொல்வது, இரண்டாம் வகையை முதல் வகையாகக் கணக்கெழுதும் வேலை. ஆடிட்டர் பார்த்தால் விடமாட்டார் :-)

பனியன் கம்பெனிக்குத் தெரிந்த ரகசியம்

வேடிக்கை என்னவென்றால், இந்த வியாதிக்கு மருந்து இந்த ஊருக்கே தெரியும். ஒரு ஸ்டைல் முடிந்து அடுத்த ஸ்டைல் தைக்கும்போது பவர் டேபிளில் என்ன நடக்கிறது? ஓவர்லாக்கில் நூல் கோன் மாற வேண்டும், பேட்லாக்கில் ஃபோல்டர் மாற வேண்டும், ஊசி மாற வேண்டும், சாம்பிள் பீஸ் தைத்து ஓகே வாங்க வேண்டும். கெட்டிக்கார சூப்பர்வைசர் பழைய ஸ்டைலின் கடைசி பண்டல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது நூலையும் ஃபோல்டரையும் லேபிளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருப்பார். மற்றவர் மெஷினை நிறுத்திய பிறகுதான் "அந்த நேவி புளூ நூல் எங்கப்பா?" என்று கேட்பார். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் அந்த நேரம் முழுக்க கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தேடியவருக்குச் சம்பளம் உண்டு, காத்திருந்தவருக்குக் கிடையாது.

இதை ஒரு சாத்திரமாகவே எழுதிவைத்தவர் ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ. 1950இல் ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ ஆலையில் (பின்னாளில் மாஸ்டா) அவர் ஒரு பெரிய பிரஸ் மெஷினின் அச்சு மாற்றுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு போல்ட் காணோம். தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் அலைந்து, கடைசியில் பக்கத்து மெஷினின் போல்ட்டை எடுத்து அறுத்து, மரை போட்டுக் கொண்டுவந்தார். ஷிங்கோவுக்குப் பொறி தட்டியது அங்கேதான். வேலை இரண்டு ரகம். மெஷின் நின்றால் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று, மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடியது இன்னொன்று. பின்னால் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸில் நான்கு மணி நேரம் எடுத்த அச்சு மாற்றத்தை முதலில் 90 நிமிடமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்துக் காட்டினார்கள். யாரும் ஓடி ஓடி வேலை செய்யவில்லை. வேலையை முன்கூட்டிய நேரத்துக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

பழைய கலைஞர்கள் இதில் கில்லாடிகள்

ஜப்பான் வரை போக வேண்டாம் என்றால் பறை அடிப்பவர்களைப் பாருங்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், சூடு காட்டினால்தான் இறுகும், அப்போதுதான் 'கணீர்' என்று பேசும். ஊர்வலம் கிளம்பும் முன்பே தெரு ஓரத்தில் சருகையும் காகிதத்தையும் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு தயாராக நிற்பார்கள். சாமியைத் தூக்கிய பிறகு "கொஞ்சம் இருங்க, காய்ச்சிட்டு வர்றோம்" என்று யாரும் சொல்வதில்லை. நாதஸ்வரத்தில் உதிரிச் சீவாளிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒன்று மக்கர் செய்தால் அடுத்தது கைக்கெட்டும் தூரத்தில். அந்தத் தொங்கட்டானை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு நடமாடும் ஸ்டோர் ரூம்!

மின்சாரம் வந்து, கீபோர்டு வந்து, ஆக்டபேட் வந்து, மேடையில் ஒயர் பெருகிய பிறகு அந்தப் பழக்கம் எங்கோ தொலைந்துவிட்டது. கருவி பெருகிய அளவுக்கு ஒழுங்கு பெருகவில்லை.

வெளிநாட்டிலும் நடந்த கூத்து

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் விழாவில் மேடையிலேயே ஒரு சுழலும் தளம் வைத்தார்கள். முன்பக்கம் ஒரு குழு வாசிக்கும்போது பின்பக்கம் அடுத்த குழு தயாராகும், சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது திட்டம். பாரம் தாங்காமல் சக்கரங்கள் உடைந்தன. அதோடு மழையும் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்துகொண்டன. ஞாயிறு இரவு முடிய வேண்டிய விழா திங்கள் காலை வரை இழுத்தது. எல்லோரும் எதிர்பார்த்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையேறியபோது பெருங்கூட்டம் கலைந்து போயிருந்தது. அதே விழாவின் முதல் நாளில், மற்றவர்கள் நெரிசலில் சிக்கியிருந்தபோது ஆரம்பித்து வைத்தவர் ரிச்சி ஹேவன்ஸ். அவருக்குத் தேவை ஒரு கிடாரும் கூட இரண்டொரு ஆட்களும். சாமான் குறைந்தவர் கடையை முதலில் திறந்தார்.

1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் லைவ் எய்ட். அங்கும் சுழல் மேடைதான், மூன்று பங்காகப் பிரித்தது. ஒன்றில் ஒரு குழு வாசிக்கும், ஒன்றில் அடுத்த குழு அடுக்கும், ஒன்றில் முடித்த குழு கழற்றும். ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம். குயீன் குழுவின் புகழ்பெற்ற நிகழ்ச்சி அந்தச் சுமார் இருபது நிமிடத்துக்குள் நடந்ததுதான். நேரம் குறைவு என்பது கலைக்கு எதிரி இல்லை. வீணான நேரம்தான் எதிரி.

அப்ப என்ன செய்யலாம்?

சுழல் மேடை எல்லாம் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டும் கொஞ்சம் கலர் டேப்பும் போதும்.

1. குடோனிலேயே முடிய வேண்டியவை: ஒவ்வொரு ஒயரையும் சோதிப்பது, இரண்டு முனையிலும் ஒரே நிற டேப் ஒட்டுவது, ஸ்டாண்டுகளை எண்ணுவது, பேட்டில் அன்றைய பாட்டுகளுக்கான ஒலிகளை வரிசைப்படுத்துவது.

2. மேடைப் படம் ஒன்று. யார் எங்கே நிற்பார், எத்தனை மைக், மிக்சரில் எந்த எண்ணில் எந்தக் கருவி. இதை முந்தின நாளே சவுண்ட் சர்வீஸ்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

3. டிரம்ஸுக்கு ஒரு விரிப்பு, அதில் ஒவ்வொரு காலுக்கும் டேப்பில் அடையாளம். விரித்தால் இடம் தெரியும். கிடாருக்குச் சுருதி சேர்ப்பதெல்லாம் மேடைக்குப் பின்னால், ட்யூனர் வைத்துச் சத்தமில்லாமல்.

4. மேடையில் வரிசை மாறக்கூடாது. முதலில் கரண்ட், எர்த். பிறகு ஸ்பீக்கர், மிக்சர், மேடைக்கும் மிக்சருக்கும் நடுவே போகும் தடிமனான ஒயர். அதன்பின் டிரம்ஸ், கடைசியில் மற்றவை. ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட்டு முதலில் அணைப்பது. ஸ்பீக்கர் பிழைக்கும், குழந்தைகளும் தூங்கும்.

5. எல்லா மைக்கும் பேசுகிறதா என்று பார்ப்பது வேறு, குழு முழுக்க வாசித்துச் சத்தத்தைச் சமன்செய்வது வேறு. இரண்டாவதைச் சாயங்காலமே, கூட்டம் கூடும் முன் முடித்துவிடலாம். டிஜிட்டல் மிக்சர் என்றால் அந்த அமைப்பைச் சேமித்தும் வைக்கலாம்.

இரண்டு ஆட்சேபணைகள்

"இங்கே பாதிப்பேர் ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள், லேட்டாக ஆரம்பிப்பதே நல்லது" என்பது முதல் வாதம். நியாயம்தான். ஆனால் அப்படியென்றால் நோட்டீஸிலேயே எட்டரை என்று போடலாமே! ஏழு மணிக்கு வந்த பாட்டி ஏன் வெறும் மேடையைப் பார்க்க வேண்டும்? அல்லது அந்த ஒன்றரை மணி நேரத்தை ஊர்ப் பிள்ளைகளின் பாட்டுக்கும் ஒயிலாட்டத்துக்கும் கொடுக்கலாம். தாமதத்துக்கு ஷிப்டைக் காரணம் காட்டுவது, தயாராகாதவர் கண்டுபிடிக்கும் சாக்கு.

"அவசரப்பட்டால் ஆபத்து" என்பது இரண்டாவது. இது முற்றிலும் உண்மை. 1972 மே மாதம் இங்கிலாந்தின் பக்கத்து நாடான வேல்ஸில், ஸ்வான்சீ நகர மேடை ஒன்றில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஈரத் தரையும் தற்காலிக ஒயரும் உள்ள நோம்பி மேடையில் இந்த பயம் இன்னும் அதிகம். ஆனால் யோசித்துப் பாருங்கள், எர்த் கம்பியை எப்போது மறக்கிறார்கள்? விழாக் கமிட்டி ஆள் "இன்னுமா முடியல?" என்று மேடைக்குக் கீழே நின்று கத்தும்போதுதான். சீக்கிரமும் அவசரமும் ஒன்றல்ல. முன்பே தயாரானவர் நிதானமாகவே சீக்கிரம் முடிப்பார். தயாராகாதவர்தான் அவசரப்படுவார்.

அந்தக் கத்தலை வாங்கிக்கொள்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பாடகருக்குப் பொன்னாடை உண்டு, கமிட்டிக்கு மேடையில் நாற்காலி உண்டு. மதியமே வெயிலில் ஸ்பீக்கர் தூக்கி, ராத்திரி எல்லோரும் போன பிறகு ஒயர் சுருட்டி, விடியற்காலை வண்டியில் பெட்டிகளின் மேலேயே தூங்கிப் போகும் சவுண்ட் சர்வீஸ் பையன்களுக்குத் திட்டு மட்டும்தான். அவர்களுக்கு மேடை கிடைப்பதே பல ஊர்களில் ஆறரைக்கு மேல்தான். அதுவரை வாழ்த்துரை, நன்றியுரை, அதற்கும் ஒரு நன்றியுரை! இதில் தப்பு கமிட்டியின் பக்கம்.

எனவே மருந்தும் கமிட்டியிடமிருந்தே தொடங்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு தாளில் மூன்று வரி எழுதினால் போதும். மேடையும் கரண்டும் மதியம் 3 மணிக்குத் தயார் என்பது கமிட்டியின் பொறுப்பு. ஒலிச் சோதனை 6 மணிக்கு முடியும் என்பது குழுவின் பொறுப்பு. தாமதம் யாரால் ஆனதோ அவர் கணக்கில் பிடித்தம். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கைச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்பி, மொத்த லாபத்தையும் விட்டுக்கொடுப்பது என்னவென்று அறிந்த ஊர் இது. வெளிநாட்டு பையருக்குக் கொடுக்கும் மரியாதையை, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு விநாயகர் பாட்டு. பத்து மணிக்குக் கடைசிப் பாட்டு, அந்த உள்ளூர்ப் பையனுடையது. நோம்பி என்றால் அதுதான் நோம்பி.