இறம்பொடை ஏற்றமும் ஒதுங்க இடமில்லாத வீதியும்

மலைப்பாதையின் செங்குத்தை மோட்டார் வண்டியில் செல்பவர் அறியமாட்டார். கால்களால் அளந்தவருக்கே அது தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தான். ஏற்றம் என்று சொல்ல எங்களூரில் எதுவுமில்லை. ஆனால் சைக்கிள் எங்களுக்குப் புதிதன்று. 1990இற்குப் பிந்திய எரிபொருள் தடைக் காலத்தில் குடாநாட்டையே அதுதான் சுமந்தது. விறகும் நோயாளியும் அதன் கரியரில் சென்றனர். டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். அந்தப் பழக்கத்தை நம்பி, 2019 பெப்ரவரியில் ஒரு நாள், அறுபதைக் கடந்த வயதில், மருமகன் இரவல் தந்த கியர் சைக்கிளில் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குத் தனியே புறப்பட்டேன்.

தூரம் ஐம்பத்தைந்து கிலோமீற்றர் வரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளையோ 500 மீற்றர்கூட இல்லை. புசல்லாவை வரை என் வயதை மறந்திருந்தேன். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கியபோது முழங்கால் அதை நினைவூட்டியது. இறம்பொடைக்குப் பின்னர் பாதி வழியும் சைக்கிளை உருட்டியே நடந்தேன். விறகுக் கட்டுடன் வந்த முதியவள் ஒருத்தி நின்று, "ஏன் ஐயா, பஸ்ஸுக்குக் காசு இல்லீங்களா?" என்று பரிவோடு கேட்டாள். காசு இருந்தது, பதில்தான் இருக்கவில்லை.

உருட்டிச் சென்றதால்தான் வீதியின் ஓரத்தைக் கண்டேன். ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். இடையில் வழுவழுப்பான தார். வளைவில் பஸ் ஹோர்ன் அடித்ததும், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் ஐவர் காணுக்குள் குதித்தனர். எவரும் அலறவில்லை. ஒதுங்குவது அவர்களுக்குப் பாடம்போல் பழகியிருந்தது. வீதியில் நடப்பவர் பெரும்பாலும் லயன் அறைகளிலிருந்து பாடசாலைக்கும் மலைக்கும் கடைக்கும் செல்லும் தோட்ட மக்கள். அந்த வீதியை அமைத்தோரும் கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையைத் திறந்தோரும் அவர்களுடைய முன்னோர்களே. நீர்வீழ்ச்சியைப் படம்பிடிக்க வாகனங்கள் நிற்க இடம் இருக்கிறது. பிள்ளை ஒதுங்கி நிற்க இடமில்லை.

2025 மே 11ஆம் திகதி அதிகாலை, இதே வீதியில் கெரண்டியெல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் காரணத்தைத் தீர்மானிப்பது விசாரணையாளர் பணி. ஆயினும் அதன்பின் எழுந்த விவாதம் முழுவதும் பஸ்ஸைப் பற்றியும் சாரதியைப் பற்றியுமே இருந்தது. பாதுகாப்பு வேலி பற்றிச் சிலர் பேசினர். நடப்பவரைப் பற்றிப் பேசியவர் எவரையும் நான் காணவில்லை. பள்ளத்தில் ஒரு பஸ் வீழ்ந்தால் அது தலைப்புச் செய்தி. காணில் ஒரு பிள்ளை வீழ்ந்தால் செய்தியே இல்லை. நாற்பது ஆண்டுகள் தலைப்புகளை இட்டவன் என்ற முறையில் இதில் எனக்கும் பங்குண்டு.

மலைவீதியைத் திருத்த ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு வளைவுகளில் நடைபாதைக்கும் வேலிக்கும் போகவேண்டும். தார் பிறகு இடலாம். வீதி வழுவழுப்பானால் வேகம்தான் கூடும். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்த நாட்டுக்கு மூன்றடி அகல நடைபாதை இயலாத காரியமன்று.

அன்று மாலை மூடுபனியில் நுவரெலியாவை அடைந்தேன். மறுநாள் சைக்கிளை மரக்கறி லொறியொன்றில் ஏற்றிவிட்டு, நானும் சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டேன். அந்த வளைவுகளில் இறங்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.