வாடகை கம்மி என்பதற்காக ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

செஞ்சிப் பக்கம் இருக்கும் அனந்தபுரத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை அமெரிக்க கம்பெனிக்கு. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் போதும். ‘எங்கிருந்து வேலை பார்த்தாலும் அதே சம்பளம்தானே, ஒரு வருஷம் பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ இருந்துட்டு வந்தா என்ன?’ என்ற யோசனை அவருக்கு வருகிறது. உடனே செல்போனில் தேடுவது எதை? வாடகையை. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாடகை கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலில் விசா

சுற்றுலாவுக்காகக் கிடைக்கும் அனுமதியில் போய் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். சுற்றுலா அனுமதி வேலைக்கான அனுமதி அல்ல. மாட்டினால் அபராதம், நாடு கடத்தல், மறுபடியும் நுழையத் தடை என்று போகலாம்.

இதற்கென்றே தனி விசாக்கள் வந்துவிட்டன. 2020-இல் பார்படாஸ், எஸ்டோனியா போன்ற நாடுகள் தொடங்கிவைத்தன. மலேசியாவின் ‘டிஈ ரந்தாவ்’ 2022-இல் வந்தது. ஐடி துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலர், அதாவது சுமார் 20 லட்சம் ரூபாய் வருமானம் காட்ட வேண்டும். தாய்லாந்தின் ‘டிடிவி’ 2024 ஜூலையில் வந்தது. ஐந்தாண்டு செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். ஆனால் கையிருப்பாக 5 லட்சம் பாட், அதாவது 12 லட்சம் ரூபாய்க்கு மேல் காட்ட வேண்டும். துபாய் மாதம் 3,500 டாலர் சம்பளம் கேட்கிறது. தொகைகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அரசின் இணையதளத்தைப் பார்ப்பது அவசியம்.

மாதம் 40 ஆயிரம் வாங்குகிறவருக்கு இந்தக் கதவுகள் பெரும்பாலும் திறக்காது. ஊர் மலிவாக இருந்தாலும், நுழைவுச்சீட்டு மலிவாக இல்லை.

அடுத்தது கடிகாரம்

நியூயார்க்கில் காலை 9 மணி மீட்டிங் என்றால், கோடைக்காலத்தில் விழுப்புரத்தில் மாலை 6.30. அதுவே துபாயில் மாலை 5, பாங்காக்கில் இரவு 8, கோலாலம்பூரில் இரவு 9. குளிர்காலத்தில் எல்லாமே இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கிழக்கே போகப் போகத் தூக்கம் போகும். அமெரிக்க வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு கோலாலம்பூர் போகிறவர், விடியற்காலை வரை விழித்திருக்கத் தயாராக வேண்டும். ஆஸ்திரேலியக் கம்பெனி என்றால் கணக்கு அப்படியே தலைகீழ்.

வரியும் கம்பெனி அனுமதியும்

ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், உலகில் எங்கு சம்பாதித்தாலும் இங்கே வரிக்கணக்கு உண்டு. தாய்லாந்தில் ஓர் ஆண்டில் 180 நாள், மலேசியாவில் 182 நாள் ஆனால் அங்கேயும் வரி வசிப்பாளர் ஆகிவிடலாம். இரு நாடுகளுடனும் இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து காப்பாற்றாது. உரிய சான்றிதழ்களைக் கொடுத்துத்தான் சலுகை கேட்க வேண்டும்.

‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்றால் ‘எந்த நாட்டிலிருந்தும்’ என்று அர்த்தம் இல்லை. ஊழியர் வேறு நாட்டில் உட்கார்ந்தால் கம்பெனிக்கும் வரி, தரவுப் பாதுகாப்புச் சிக்கல்கள் வரும். சொல்லாமல் போனால் வேலையே போகலாம். எழுத்தில் அனுமதி வாங்குவதுதான் சரி.

பாதுகாப்பு: இதில் விளையாட்டே கூடாது

தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்டு மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கூடங்களில் சிக்கினார்கள். 2022-இல் அரசு தலையிட்டு அவர்களில் பலரை மீட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது.

வித்தியாசம் எளிது. உண்மையான ரிமோட் வேலை கையில் இருக்கும். ஊரை மட்டும் தேடுவோம். ‘இங்கே வந்தால்தான் வேலை, இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வா, டிக்கெட் நாங்களே போடறோம்’ என்று யாராவது சொன்னால், அது ரிமோட் வேலையே இல்லை. ஏஜென்ட் மூலம் போவதாக இருந்தால், அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்துவிடலாம்.

அப்போ சொந்த ஊர்?

இதே அளவுகோலை விழுப்புரத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். விசா வேண்டாம். வரி ஒரே இடத்தில். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை என நாலாபுறமும் ரயில். திண்டிவனம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்காவும் திறந்தாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனம் அருகே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. மின்சாரமும் நெட்டும் போனால் ரிமோட் வேலைக்காரருக்கு அன்றைய சம்பளத்துக்கே ஆபத்து. இன்வெர்ட்டர், இரண்டாவது நெட் கனெக்‌ஷன், புயல் காலத்தில் தங்க மாற்று இடம் என்று மூன்றையும் அவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அரசு கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சென்னை கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’ போல, தடையில்லாத மின்சாரமும் நெட்டும் உள்ள பொதுப் பணியிடம் பேரூராட்சி அளவுக்கும் வர வேண்டும். வெளிநாடு போக ஆசைப்படுகிறவர் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஊரில் கரண்ட் நிற்காது என்ற நம்பிக்கை இல்லாததால் யாரும் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது.