கூட ஓடுறவனுக்கு என்ன பரிசு?



நம்ம விளையாட்டு விழாவில் ஓட்டம் என்றால் 100, 200, 400, 1500 மீட்டர். முதல் மூணு பேருக்கு மேடை, மத்தவங்களுக்குக் கைதட்டல் (அதுவும் சில சமயம் கிடையாது!). இதைக் குறை சொல்லவில்லை. 100 மீட்டரில் பக்கத்தில் ஓடுபவனைத் திரும்பிப் பார்த்தாலே போச்சு. ஆனால் எல்லா ஓட்டத்துக்கும் இதே கணக்கைப் போடுவது தப்பு என்பேன்.

அரை மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். முழு மாரத்தான் 42.195 கி.மீ. அதில் சரிபாதி, அதாவது 21 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். நமக்குப் புரியும்படி சொன்னால், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஆரம்பித்து கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு தாண்டி ஏறக்குறைய மீஞ்சூர் வரை தண்டவாளம் ஓரமாவே ஓடுற மாதிரி. (யாரும் முயற்சி பண்ணாதீங்க, ரயில்வே போலீஸ் பிடிச்சுக்கும்!)

எங்க அண்ணன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பரோடு சேர்ந்து, ஜனவரியில் நடந்த சென்னை மாரத்தானில் இந்த 21 கி.மீ. ஓட்டத்தில் கலந்துகொண்டார். அண்ணன் தனியா ஓடினால் 2 மணி நேரத்தில் முடிப்பார். நண்பருக்கு ஒரு கி.மீ.க்கு 7 நிமிஷம் ஆகும். அப்படிப் பார்த்தால் சுமார் இரண்டரை மணி நேரம். அண்ணன் கடைசி வரை அவர் பக்கத்திலேயே ஓடினார். 16 கி.மீ. தாண்டியதும் நண்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் நடந்து, ஓடி, மறுபடி நடந்து, 2 மணி 50 நிமிஷத்தில் முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்த மாமா, "50 நிமிஷத்தை வீணாக்கிட்டியேடா!" என்றார். அண்ணன் சிரித்ததோடு சரி. அவருக்குப் பதிலா நான் சொல்றேன்.

அந்த 50 நிமிஷம் எங்கே போச்சு? நண்பரின் கால்களில் போச்சு. அவர் முதல் தடவை ஓடுகிறார். நீண்ட தூரம் ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்பார்கள். தனியா ஓடுறவன் யார்கிட்ட பேசிப் பார்ப்பான்? அது மட்டுமா, நைட் ஷிப்ட் முடித்த மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பயிற்சிக்குப் போக, வாசலில் ஒருவன் வந்து நின்னு கூப்பிடணும். வேகமா ஓடத் தெரிந்தவன் மூணு மணி நேரம் தன் வேகத்தை அடக்கி ஓடுவதும் லேசான காரியம் இல்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் தம்பியோடு கடைக்கு நடந்து பாருங்கள்.

கென்ய வீரர் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் முழு மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். அவருக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓடியவர்கள் 41 பேர்! அவ்வளவு பெரிய வீரருக்கே துணை வேண்டியிருக்கு.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் ஓட்டத்தில் இது இன்னும் அழகு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டரில் நம் நாட்டு சிம்ரன் சர்மா வெண்கலம் வாங்கினார். அவர் பக்கத்தில் ஓடியவர் வழிகாட்டி அபய் சிங். இருவரையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும். வழிகாட்டி முதலில் கோட்டைத் தாண்டக் கூடாது.

அதே பாரிஸில், மாரத்தானில் ஸ்பெயினின் எலேனா கொங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் அவருடைய வழிகாட்டிக்குத் தசை பிடித்துத் தள்ளாட, எலேனா கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கினார். கயிற்றை விட்டதால் தகுதி நீக்கம். அன்று வெண்கலம் 3 நிமிஷத்துக்கும் மேல் பின்னால் வந்த ஜப்பான் வீராங்கனைக்குப் போனது. "விதி விதிதான்" என்று எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சொல்கிறார்கள். வழிகாட்டி இழுத்துக்கொண்டு ஓடி வேகத்தைக் கூட்டினால் தண்டிக்க வேண்டியதுதான். இங்கே நடந்ததோ தலைகீழ். எலேனாவுக்கு அதனால் ஒரு விநாடியும் லாபம் இல்லை, நஷ்டம்தான். அதற்கும் அதே தண்டனையா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

"இப்படியே ஆளாளுக்கு நின்னா ஹவுஸ் பாயிண்ட் என்ன ஆவது?" என்று கேப்டன்கள் கேட்பது நியாயம். 1500 மீட்டரில் யாரும் நிற்க வேண்டாம். அதற்குத் தனியா ஒரு போட்டி வைக்கலாமே! பி.டி. சாருக்கு என் வேண்டுகோள் இது: வரும் விழாவில் 3000 மீட்டர் ஜோடி ஓட்டம். ஒன்பதாம் வகுப்பு ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு ஒருவர், சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சேர்க்க வேண்டும். கையில் ஒரு முழம் ரிப்பன். இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் ஜோடியின் நேரம். ஒருவருக்கு முடியவில்லை என்றால் மற்றவர் தாங்கலாம், ரிப்பனை விட்டாலும் அவுட் கிடையாது. சிப்காட் ரோட்டில் இரும்புக் கம்பி ஏற்றின டிரைலர்கள் போகும், அதனால் நம் மைதானத்துக்குள்ளேயே சுற்றினால் போதும். ஹவுஸ் பாயிண்டும் உண்டு என்று அறிவித்துவிட்டால் கேப்டன்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ரிப்பன் என் செலவு.

- 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு