தண்ணி விளையாட்டு இல்லை, கணக்கு



தரம் 4 பிள்ளைகளுக்கு போத்தலும் கோப்பையும் தண்ணீரும் கொடுத்து நாங்கள் கணக்குப் படிப்பிப்பது பற்றி ஊரில் ஒரு கதை ஓடுகிறது. "பாடசாலையில தண்ணி விளையாட்டாம். அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப், இன்னும் ஒரு பேப்பர் கூட செய்யல்லயாம்." சரி, பேசுவோம்.

1000 ÷ 250 என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை 4 என்று எழுதிவிடும். "ஒரு லீற்றர் பாலை 250 மில்லிலீற்றர் கோப்பையில் எத்தனை பேருக்கு ஊற்றலாம்?" என்று கேளுங்கள். அதே பிள்ளை, "டீச்சர், பெருக்கவா வகுக்கவா?" என்று முகத்தைப் பார்க்கும்.

இதைப் பழக்கியது யார்? 'மொத்தம்' என்று வந்தால் பெருக்கு, 'ஒவ்வொருவருக்கும்' என்று வந்தால் வகு. டியூஷனில் சொல்லிக் கொடுப்பது இதுதான். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நாங்களும் சொல்லியிருக்கிறோம், மறைக்கவில்லை. "ஒவ்வொருவருக்கும் 200 மில்லிலீற்றர் வீதம் 8 பேருக்கு எவ்வளவு வேண்டும்?" இதில் 'ஒவ்வொருவருக்கும்' இருக்கிறது. செய்ய வேண்டியதோ பெருக்கல். குறுக்குவழி அந்த இடத்திலேயே பிள்ளையைக் கைவிடுகிறது.

மீதி வரும் கணக்கு இதைவிட மோசம். 3 லீற்றர் நோன்புக் கஞ்சி, 400 மில்லிலீற்றர் கோப்பை. எத்தனை கோப்பை, எவ்வளவு மிஞ்சும்? இரண்டு பக்கமும் இரண்டு பூச்சியத்தை வெட்டி 30 ÷ 4 என்று செய்து, "7, மீதி 2" என்று எழுதுகிறார்கள். இரண்டு மில்லிலீற்றர் கஞ்சி ஒரு சின்னக் கரண்டிக்கும் காணாது! உண்மையில் மிஞ்சுவது 200, அரைக் கோப்பை. இதே கணக்கைத் தண்ணீர் ஊற்றிச் செய்த நாளில் ஒரு பிள்ளை தானாகவே சொன்னது: "டீச்சர், எட்டாவது ஆளுக்கு அரைவாசிதான் வருது." அந்தப் பிள்ளை இனி பூச்சியத்தை வெட்டினாலும் மீதியில் ஏமாறாது.

ஒரு லீற்றரை 4 பேருக்குப் பங்கிடுவதும், ஒரு லீற்றரில் எத்தனை 250 இருக்கிறது என்று பார்ப்பதும் வேறு வேறு வேலை. முதலாவதில் நான்கு கோப்பையிலும் ஒரே மட்டம் வரும்வரை ஊற்ற வேண்டும். மற்றதில் ஒரே கோப்பையால் போத்தல் முடியும்வரை அளந்து எண்ண வேண்டும். தாளில் இரண்டுமே வகுத்தல்தான், வித்தியாசம் கைக்குத்தான் தெரியும்.

பேப்பர் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செய்வோம், அளந்து பார்த்த பிறகு.

திங்கட்கிழமை பிள்ளையிடம் ஒரு வெறும் லீற்றர் போத்தலும் கழுவிய யோகட் கோப்பை ஒன்றும் கொடுத்து விடுங்கள். தண்ணீர் வீணாகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: பாடம் முடிந்ததும் அது பாடசாலை வாசலில் நிற்கும் செவ்வரத்தைக்குத்தான் போகிறது.