கருப்பாயி என்ற பெயரில் ஒரு காயத்ரி

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, 'ஒரே ஒரு கிராமத்திலே' மோசமான படம்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. எங்க அம்மாவுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். டிவியில போட்டா அழுதுகிட்டே பார்ப்பாங்க. அப்ப எங்க அம்மாவுக்கு அரசியல் தெரியலையா?"

இந்தப் படத்தைக் கொண்டாடும் ஒரு சாராரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் பதில்களும் உண்டு. ஆனால் ஊரக வேலைத் திட்டத்தில் மண் வெட்டிவிட்டு வந்து, மாலையில் டிவி முன் உட்காரும் ஓர் ஆதிதிராவிடப் பெண் இதே படத்தை ஏன் நேசிக்கிறார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அன்றைக்கு மழுப்பித்தான் அனுப்பினோம். இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கு நாங்கள் பட்ட கடன்.

படம் பார்க்காத இளைய தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கவிஞர் வாலி எழுதி, கே. ஜோதிபாண்டியன் இயக்கி, லட்சுமி நடித்த படம். இசை இளையராஜா. காயத்ரி என்ற பிராமணப் பெண் நன்றாகப் படிப்பவள், வசதியில்லாதவள். இட ஒதுக்கீடு இருப்பதால் அவளுக்கு வழியில்லை என்கிறது படம். அவளைக் 'கருப்பாயி' என்ற ஆதிதிராவிடப் பெண்ணாகக் காட்டும் பொய்ச் சாதிச் சான்றிதழ் வாங்கப்படுகிறது. அதை வைத்துப் படித்து ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறாள். வெள்ளத்தில் தவிக்கும் மக்களுக்காக உழைத்து நல்ல பெயர் எடுக்கிறாள். பிறகு பொய் வெளியே வருகிறது, விவகாரம் நீதிமன்றம் வரை போகிறது. இட ஒதுக்கீடு சாதியைப் பார்க்கக் கூடாது, வறுமையைத்தான் பார்க்க வேண்டும் என்பது படத்தின் வாதம்.

திரைக்கு வரும் முன்பே படம் வழக்கில் சிக்கியது. தணிக்கை வாரியம் கொடுத்த 'யு' சான்றிதழை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு சான்றிதழையே ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் படத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ரங்கராஜன் எதிர் ஜகஜீவன் ராம் என்ற அந்த வழக்கைச் சட்டம் படிக்கும் தோழர்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசும் படம் வந்தால் கலவரம் வரும் என்றுதான் வாதிட்டது. போராட்டம் வரும் என்று பயந்து கருத்தை அடக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. நம்மில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் நாளை நம்முடைய படத்தை, நம்முடைய பாட்டை, நம்முடைய கூட்டத்தை 'கலவரம் வரும்' என்று சொல்லித் தடுக்க வரும்போது நாம் கையில் எடுக்கப் போவதும் அதே தீர்ப்பைத்தான். படத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதல் வகை ரசிகர்களிடம் வருவோம். 'தடை செய்யப் பார்த்த படம்' என்பதே அவர்களுக்கு ஒரு பதக்கம். தேசிய விருது இன்னொன்று. ஆனால் உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறோம். யாரையும் வெறுக்காமலேயே, யாரையும் திட்டாமலேயே, 'நாங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள்' என்று உணரும் வாய்ப்பை இந்தப் படம் தருகிறது. அதில் வரும் வறுமை பொய்யில்லை. அக்ரகாரத்திலும் அடுப்பெரியாத வீடுகள் இருந்தன, இருக்கின்றன. லட்சுமி மாதிரி ஒரு நடிகை அந்த வறுமையை முகத்தில் காட்டும்போது கண் கலங்காதவர் கல்நெஞ்சர்தான். அந்தக் கண்ணீரோடு சேர்த்து ஒரு கணக்கையும் படம் விழுங்க வைத்துவிடுகிறது: காயத்ரியின் இடத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

யார் அந்த யாரோ? கருப்பாயி என்ற பெயரில் காயத்ரி உட்கார்ந்த நாற்காலிக்கு உண்மையான ஒரு கருப்பாயி இருந்திருப்பாள் அல்லவா? அவளும் படித்திருப்பாள், விண்ணப்பித்திருப்பாள், பட்டியலில் ஒரே ஒரு எண்ணில் தவறவிட்டிருப்பாள். அவள் எந்த ஊர், தோற்றபின் எங்கே போனாள், யாருக்குக் கட்டிவைத்தார்கள்? கதையின் மையக் குற்றத்தில் இழப்பு அடைந்த ஒரே ஆள் அவள்தான். அவள் கதை இந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை.

பெயரைக் கூடக் கவனியுங்கள். கருப்பாயி என்பது தென் மாவட்டங்களில் பல சாதிகளிலும் வைக்கும் பெயர். ஆனால் படத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் போதும், ஆதிதிராவிடர் ஆகிவிடலாம். சேரியில் ஒரு நாள் இருக்க வேண்டாம். தனிக் குவளையில் டீ குடிக்க வேண்டாம். சாதி என்பது ஒரு தாள், அதைக் கையில் வாங்கிச் சலுகையை எடுத்துக்கொண்டு பிறகு கழற்றி வைத்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்குத்தான் இந்தக் கதை கதையாகத் தெரியும்.

அந்தத் தாளைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் வேலையில் பாதி அதுதான். பழங்குடி என்றால் தாசில்தார் தர முடியாது, சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோதான் தர வேண்டும். இருளர், காட்டுநாயக்கன், மலைக்குறவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ், ஆர்டிஓ ஆபீஸ் என்று வருடக்கணக்கில் நடக்கிறோம். "உங்க அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா?" என்பது முதல் கேள்வி. பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்கு எங்கிருந்து வரும்? "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஓர் அதிகாரி கேட்டபோது நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம். 2022 அக்டோபரில் பிள்ளைகளுக்கு மலைக்குறவன் சான்றிதழ் கேட்டு அலைந்து ஓய்ந்த ஒரு தகப்பன், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து இறந்துபோனார். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்களின் நிலை வேறு. 1950 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியல் சாதியே இல்லை, சேரியும் தனிக் கல்லறையும் மட்டும் மாறாது.

போலிச் சான்றிதழும் கற்பனை இல்லை. 1994 இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழைச் சரிபார்க்கக் குழுக்கள் அமைக்கச் சொன்னதே, பொய்ச் சான்றிதழ்கள் உண்மையானவர்களின் இடங்களைத் தின்றுகொண்டிருந்ததால்தான். ஆக, காயத்ரிகள் நிஜத்தில் உண்டு. அவர்கள் எல்லாரும் மக்கள் சேவகர்களாக மலர்ந்தார்களா என்பதைப் படத்தை ரசிப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

'வறுமையைப் பார்' என்ற வாதம் இன்றும் வகுப்பறைகளில் உங்கள் முகத்துக்கு நேரே வீசப்படுவதால் அதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்கிறோம். தமிழ்நாடு அதைச் செய்து பார்த்த மாநிலம். 1979 இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு கொண்டுவந்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39 இடங்களில் 2 இடம்தான் ஜெயித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எம்.ஜி.ஆர். என்ன புரிந்துகொண்டார் என்பதில் சந்தேகமில்லை: வரம்பை எடுத்தார், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக்கினார். இது நடந்து பத்து வருடம் ஆவதற்குள் வந்த படம் 'ஒரே ஒரு கிராமத்திலே'. தேர்தலில் தோற்ற வாதம் தியேட்டருக்கு வந்தது என்று சொல்லலாம்.

வாதம் பிறகு ஜெயித்தது. 2019 இல் 103 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு தந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அது செல்லும் என்றது. இப்போது காயத்ரி பெயரை மாற்ற வேண்டியதில்லை. சொந்தப் பெயரிலேயே ஏழை என்று சான்றிதழ் வாங்கலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சரி, அதே தெருவுக்கு அப்பால் ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போகும் கருப்பாயி ஏழையா இல்லையா? ஏழைதான். ஆனால் அந்த 10 விழுக்காட்டில் அவளுக்கு இடம் கிடையாது, ஏனென்றால் அவள் பட்டியல் சாதி. வறுமைக்குச் சாதி கிடையாது என்று முப்பது வருடம் நமக்குப் பாடம் எடுத்தவர்கள், வறுமைக்கான ஒதுக்கீட்டைச் சாதி பார்த்துத்தான் கொடுத்தார்கள். நீதிபதி ரவீந்திர பட்டும் அன்றைய தலைமை நீதிபதி லலித்தும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியது இந்த விலக்கலைச் சுட்டித்தான்.

இதுவரை சொன்னது முதல் வகை ரசிகர்களுக்கு. மாணவியின் அம்மாவுக்கு இது எதுவும் பதில் ஆகாது.

எங்களில் ஒருவர் முதலில் சொன்னது, "இளையராஜா பாட்டுக்காகப் பார்த்திருப்பாங்க." இருக்கலாம். நாங்களும் வசனத்தைத் திட்டிக்கொண்டே பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறோம். "ஆதிக்கச் சிந்தனையை உள்வாங்கிக்கொண்டார்" என்றார் இன்னொருவர். முதுகலையில் படித்த சமூகவியல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் கெட்ட பழக்கம் இது. நமக்குப் பிடிக்காததை ஒரு தாய் ரசித்தால் அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிடுவது. நாங்கள் மாணவியிடம், அம்மாவிடமே கேட்டுவரச் சொன்னோம். எந்தக் காட்சி பிடிக்கும் என்று மட்டும் கேள், வாதம் பண்ணாதே என்றோம்.

அடுத்த வாரம் அவர் வந்து சொன்னது: "அம்மாவுக்குக் கடைசில என்ன ஆகுதுன்னே ஞாபகம் இல்லக்கா. கோர்ட்டு கேசு எல்லாம் மறந்துட்டாங்க. கருப்பாயின்னு பேரு வச்ச பொம்பள பெரிய ஆபீசரா வந்து நிப்பா, எல்லாரும் கும்பிடுவாங்க, அதுதான்டி எனக்குப் பிடிக்கும்னாங்க."

ஒரே படத்தை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் காயத்ரியைப் பார்த்து அழுதார். இன்னொருவர் கருப்பாயியைப் பார்த்து அழுதார். எண்பதுகளின் தமிழ்ப் படங்களை நினைத்துப் பாருங்கள். சேரிப் பெண் என்றால் மானம் பறிபோகிறவள், பண்ணையார் வீட்டு வாசலில் நிற்பவள், குடிசையோடு எரிபவள். அவள் பெயரில் ஒருத்தி அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்த படம் எத்தனை? அந்த அம்மாவுக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான், அதிலும் அந்தப் பெண் பொய். படம் முடியும் முன்பே கருப்பாயியைத் திரும்ப வாங்கிக்கொண்டு காயத்ரியை மட்டும் விட்டுச் செல்கிறது. அம்மா அந்தப் பகுதியை மறந்துவிட்டார். அது மறதியா, அவரே செய்த வெட்டா என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது. தணிக்கை வாரியம் செய்யாத நல்ல வெட்டு என்று மாணவர்களில் ஒருவர் சிரித்தார்.

இந்த மாத வட்டத்தில் படத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கப்போகிறோம். அம்மாவையும் அழைத்திருக்கிறோம். வேலை முடிந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஆறரைக்கு மேல்தான் வர முடியும் என்றார். அதனால் நேரத்தை ஏழு மணி என்று மாற்றியிருக்கிறோம்.